அடைத்த கூட்டிலிருந்து ஒரு வெள்ளி ரூபாய்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த நானா, உம்மாவின் கையில் ஒரு தடித்த பிளாஸ்ரிக் வில்லையைக் கொடுத்தார். அதற்குள் 1901 ஆம் ஆண்டின் விக்ரோறியா வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. உம்மம்மாவின் காசுமாலையிலிருந்து, நானா 1987 இல் வெளிநாடு போகும்போது கழற்றிக் கொடுத்த காசு அது. மாலையின் மற்றக் காசுகள் எல்லாம் 1990 ஒக்டோபர் 30 உடன் போய்விட்டன. இரண்டு மணி நேரத்தில் சோனகதெருவை விட்டு வெளியேறியபோது எனக்கு வயது பன்னிரண்டு. எங்கள் குடும்பத்தில் எஞ்சிய ஒரே காசு, கடல் கடந்து போனதால் எஞ்சியது.

உம்மா வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "மகன், இப்பிடி அடைச்சு வச்சா நான் எப்பிடித் தொட்டுப் பார்க்கிற?" என்று கேட்டா. அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். வெளிநாட்டு உறவுகள் வழியாக இத்தகைய வில்லைகள் இப்போது நம் வீடுகளுக்கும் வருகின்றன. அவசரத்தில் சுத்தியலால் அடித்துக் காசைக் காயப்படுத்திவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் இந்த வில்லை என்ன என்று பார்ப்போம். நாணயத்தின் உண்மைத் தன்மையைச் சோதித்து, 1 முதல் 70 வரையான அளவில் தரம் குறித்து, பிளாஸ்ரிக் கூட்டில் அடைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றின. பி.சி.ஜி.எஸ். 1986 இலும் என்.ஜி.சி. 1987 இலும் தொடங்கப்பட்டவை. சேகரிப்பாளர்கள் இக்கூட்டை 'ஸ்லாப்' என்பார்கள். இரண்டு பாதிகளையும் மீயொலி அதிர்வால் விளிம்பைச் சுற்றி உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஆணியும் இல்லை, திருகும் இல்லை. யாராவது திறந்து காசை மாற்றினால் கூடு உடைந்தே தீரவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆகவே சேதமில்லாமல் கூட்டைத் திறக்க வழி கிடையாது. கூடு உடையட்டும், காசு பிழைக்கட்டும் என்பதே நம் வேலை.

உடைக்கலாமா என்று முதலில் யோசிக்க வேண்டும். கூட்டைத் திறந்த கணத்தில் அந்த நிறுவனத்தின் உத்தரவாதம் முடிந்துவிடும். விற்கும் எண்ணம் இருந்தால் தொடவே வேண்டாம். எங்கள் காசின் சீட்டில் எண் தரம் எதுவும் இல்லை. 'நகையிலிருந்து எடுத்தது' என்ற பழுதுக் குறிப்பே இருந்தது. வளையம் ஒட்டிய வடு காரணமாகச் சந்தையில் அதற்குப் பெரிய விலையும் இல்லை. நிறுவனத்துக்குப் பழுதாகத் தெரிந்த அந்த வடுவைத்தான் உம்மா தேடினா. அதுவோ காசின் விளிம்பில், கூட்டின் வளையத்துக்குள் மறைந்திருந்தது. நானாவும் சம்மதித்தார்.

இனிச் செய்முறை. இரு பக்கத்தையும் படமெடுத்து, சீட்டின் இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் தடித்த துவாயை விரியுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தெறிக்கும் துண்டு ஊசி போன்றது. கம்பி வெட்டும் குறடு ஒன்று போதும். சீட்டு இருக்கும் பக்கத்து மூலையே காசிலிருந்து மிகத் தூரமான இடம். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கூட்டைத் துவாயால் போர்த்து, மூலையைக் குறட்டால் கொஞ்சமாக நறுக்குங்கள். பின் அடுத்த மூலை, பின் விளிம்பு. மூன்று நான்கு வெட்டில் ஒட்டு விட்டு ஒரு பிளவு தெரியும். தட்டையான திருப்புளியின் முனையை விளிம்போரம் அந்தப் பிளவில் வைத்து மெதுவாகத் திருப்பினால் இரு பாதியும் பிரியும். முனை ஒருபோதும் காசை நோக்கி இருக்கக் கூடாது. பிரிந்ததும் காசு தன் வளையத்தோடு வெளியே வரும். வளையத்தை வளைத்துக் காசைத் துவாயில் விழ விடுங்கள். பிறகு விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள். பிளாஸ்ரிக் தூள் ஒட்டியிருந்தால் ஊதித் தட்டுங்கள், துடைக்க வேண்டாம். துடைத்தால் அந்தத் தூளே கீறும்.

செய்யக் கூடாதவை: நடுவில் சுத்தியலால் அடிப்பது, வாளால் அறுப்பது, நெருப்பில் காட்டுவது, கத்தியைக் கையில் பிடித்து நெம்புவது. அசற்றோன் ஊற்றிக் கூட்டைக் கரைக்கவும் முயல வேண்டாம். இளகிய பிளாஸ்ரிக் காசின்மேல் படிந்துவிடும்.

காசு கைக்கு வந்ததும் உம்மா செய்ய நினைத்தது வேறு. குசினியிலிருந்து புளியை எடுத்துக்கொண்டு வந்தா! எங்கள் வீடுகளில் பித்தளைக்குச் செய்வதுதானே. நான் தடுத்துவிட்டேன். புளி, தேசிக்காய், சாம்பல், பொலிஷ் எல்லாமே உலோகத்தின் மேற்பரப்பைத் தின்னும். காலம் ஏற்றிய கருமை ஒரு போர்வை. அதை உரித்தால் திரும்பப் போர்த்த முடியாது.

வெளியே எடுத்ததில் இன்னொரு நன்மை, நிறுக்கலாம். இந்த ரூபாயின் முறையான எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். 1872 தொடக்கம் இலங்கையின் கணக்கு ரூபாயும் சதமுமாக ஆனபோது, ரூபாய்க் காசாக நம் கைகளில் புழங்கியது இந்த இந்திய வெள்ளி ரூபாய்தான். பத்தர் ஒருவரின் தராசில் எங்கள் காசு 11.5 கிராம் காட்டியது. தேய்மானம் அவ்வளவே. போலிகள் பெரும்பாலும் எடையில்தான் அகப்படும்.

பிறகு எதில் வைப்பது? கடையில் கிடைக்கும் மிருதுவான பி.வி.சி. உறை வேண்டாம். அது நாளடைவில் பச்சைப் பசையைக் கக்கிக் காசை அரிக்கும். பி.வி.சி. இல்லாத கடின வட்டக் கூடு நல்லது. வேண்டியபோது திறக்கலாம், மூடலாம். உப்புக் காற்று வீசும் யாழ்ப்பாணத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் ஒன்று சேர்த்து வையுங்கள். சீட்டையும் படத்தையும் எறியாதீர்கள், அவையும் வரலாறு.

ஓர் எச்சரிக்கை. ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயம் போன்றவை யாரிடமாவது இருந்தால், தரம் குறிக்கவென்று வெளிநாட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். 1815 மார்ச் 2 இற்கு முற்பட்டவை 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச்சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

உம்மா காசின் விளிம்பைப் பெருவிரலால் தடவினா. ஓரிடத்தில் விரல் நின்றது. "இதுதான் வளையம் இருந்த இடம். உம்மா குனிஞ்சா இது என்ர கன்னத்தில குத்தும்" என்றா. ஊரில் இருந்ததற்கு ஒப்பந்தமோ உறுதியோ காட்ட எங்களில் பலரிடம் இன்று எதுவும் இல்லை. இப்படி ஒரு வடு இருந்தால், அது எந்த வீட்டில் எந்தப் பொருளில் இருந்தாலும், எழுதி வையுங்கள். யாருடையது, எப்போது, எப்படித் தப்பியது என்று நான்கு வரி போதும். காசு கையில் இருக்கும் வரைக்கும் அது அமானிதம். அதன் கதையும் அப்படித்தான்.