உகைர் எல்லைக்கோடும் பாலைக் கிணறுகளும்

நிலத்திற்கு எல்லை வகுத்தல் மருத நிலத்தார்க்கு எளிது; வரப்பும் வாய்க்காலும் அவர்க்கு உண்டு. மழை பெய்த திசை நோக்கி ஒட்டகங்களோடு பெயரும் அரபுப் பாலையின் நாடோடிகளாகிய பதூக்களுக்கோ கிணறும் மேய்ச்சலுமே எல்லை. எக்கிணற்றில் எக்குலத்தார் நீர் முகப்பர் என்பதே அவர்தம் நிலப்படம். முதல் உலகப் போரில் துருக்கி வீழ்ந்தபின் இந்நிலப்படத்தின்மீது பிரிட்டன் வேறொரு படத்தை வரைந்தது.

1922ஆம் ஆண்டின் இறுதியில், பாரசீக வளைகுடாக் கரையிலுள்ள உகைரில் நஜ்து நாட்டு வேந்தர் இப்னு சவூதும் ஈராக்கின் பிரிட்டானிய உயர் ஆணையர் சர் பெர்சி காக்ஸும் கூடினர். பேச்சு பல நாள் நீண்டும் முடிவு எட்டப்படவில்லை. இறுதியில் காக்ஸ் செந்நிறப் பென்சிலால் தாமே கோடு கிழித்தார் என்று, உடனிருந்த டிக்சன் பின்னாளில் எழுதிய நூலில் குறிக்கின்றார். நஜ்து உரிமை கோரிய பெருநிலம் ஈராக்கிற்குச் சென்றது. அதற்கு ஈடாகக் குவைத்தின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நஜ்துக்கு அளிக்கப்பெற்றது. குவைத்தின் சார்பில் அங்கிருந்தவரும் ஒரு பிரிட்டானிய அலுவலரே. இழந்தவர் குரல் அவையில் ஒலிக்கவில்லை என்பது ஈண்டு எண்ணற்பாலது.

எனினும் காக்ஸ் பாலையை அறியாதவர் அல்லர். இரு தரப்பாரும் மேய்த்துக்கொள்ளப் பொதுநிலங்கள் இரண்டனை அவர் ஒதுக்கினார். எல்லையை அடுத்துள்ள கிணறுகளில் கோட்டை கட்டுதல் முதலிய படைப்பணிகள் கூடா என்ற விதியும் எழுதப்பெற்றது. ‘அடுத்து’ என்றால் எத்துணைத் தொலைவு? அதனை ஒருவரும் அளந்து எழுதவில்லை. சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு இதனினும் துயரமான பாடம் வேறு கிடைப்பது அரிது.

வெட்சித்திணை பயின்ற மாணவர்க்கு, பதூக்களின் ‘கஸ்வு’ என்னும் கொள்ளைப் படையெடுப்பு விளங்காததன்று. கால்நடை கவர்தலே அதன் நோக்கம். வீண் கொலையை வழக்கம் தடுத்தது. ஆனால் அர்தாவியா முதலிய குடியேற்றங்களில் திரண்ட ‘இக்வான்’ படையினர் அதனை மார்க்கப் போராகக் கருதினர். தம் கொள்கை ஏலாத முஸ்லிம்களையும் அவர்கள் வெட்டினர். சகோதரர் எனப் பொருள்படும் பெயரைத் தாங்கியோர் இவ்வாறு செய்தமை வருந்தத்தக்கது. 1925 நவம்பரில் சர் கில்பர்ட் கிளேட்டன் முன்னின்று முடித்த பஹ்ரா, ஹத்தா உடன்படிக்கைகள் இத்தகைய கொள்ளையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி, வழக்குகளைத் தீர்க்க மன்றங்களுக்கும் வழிவகுத்தன.

1927இல் ஈராக் அரசு புசையாக் கிணற்றருகே காவல் நிலையம் கட்டத் தொடங்கிற்று. அவ்விடம் எல்லையிலிருந்து ஏறத்தாழ எண்பது மைல் தொலைவு. அது ‘அடுத்து’ ஆகாது என்பது பிரிட்டானியர் வாதம். நீர் தேடி நெடுந்தொலைவு நடக்கும் ஒட்டகத்திற்கு எண்பது மைல் அண்மையே என்பது பாலை வழக்கு. நவம்பரில் முதைர் குலத்து இக்வான்கள் அங்குப் பாய்ந்து காவலரையும் கட்டுமானத் தொழிலாளரையும் கொன்றனர். பிரிட்டானிய வானூர்திகள் நஜ்து மண்ணிலும் குண்டு வீசின. 1928இல் ஜித்தாவில் கிளேட்டன் மீண்டும் பேசியும், கோட்டைச் சிக்கல் தீராமல் பேச்சு முறிந்தது.

இப்னு சவூது இருதலைக்கொள்ளி எறும்பானார். தமக்கு நாடு வென்று தந்த படையை அடக்காவிடில், பிரிட்டனோடு பகை, அடக்கின், உட்பகை. அவர் இரண்டாவதைத் தேர்ந்து 1929 மார்ச்சில் சபிலாப் போரில் இக்வான்களை முறியடித்தார். முதைர் தலைவர் பைசல் அத்துவைஷ் 1930 ஜனவரியில் குவைத் பகுதியில் பிரிட்டானியரிடம் சரணடைந்தார். உயிர்க்கு ஊறில்லை என்ற உறுதிமொழியின்பேரில் அவர் மன்னரிடம் ஒப்படைக்கப்பெற்று, 1931இல் சிறையில் இறந்தார். இதனிடையே, 1930 பிப்ரவரியில் இப்னு சவூதும் ஈராக் மன்னர் பைசலும் ‘லூப்பின்’ என்னும் பிரிட்டானியக் கப்பலில் சந்தித்தனர்.

மேய்ச்சலுக்கென விடப்பட்ட குவைத் பக்கத்துப் பொதுநிலத்தில், 1953இல் வஃப்ராவில் எண்ணெய் கிடைத்தது. 1965இல் நிலத்தைப் பங்கிட உடன்பட்ட இரு நாடுகளும், எண்ணெயை மட்டும் பங்கிடாமல் பொதுவாகவே வைத்துக்கொண்டன.