சோதனைக் குழாயில் மிஞ்சும் பாதரசம்

மாதனூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் டேனரிக் கழிவுநீரைப் பற்றிப் பேசாத வீடு இருக்காது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30 அன்று இதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பும் வந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை யார் கண்ணிலும் படுவதில்லை. கழிவுநீரைச் சோதிக்கும் லேப்தான் அது.

சுத்திகரித்த நீரை வெளியே விடலாமா என்று பார்க்கும் முக்கியமான சோதனை சிஓடி, அதாவது வேதி ஆக்சிஜன் தேவை. ஆற்றில் விடும் நீருக்கு வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். மாதிரியோடு பொட்டாசியம் டைக்ரோமேட், அடர் கந்தக அமிலம், வெள்ளி உப்பு, பாதரச உப்பு எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். பாதரசம் எதற்கு? நீரில் உள்ள குளோரைடு கணக்கைக் கெடுக்காமல் பிடித்து வைப்பதற்கு. பச்சைத் தோலை உப்புப் போட்டுக் காக்கும் ஊர் இது. கழிவுநீரில் குளோரைடுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் இங்குள்ள லேப்களில் பாதரச உப்பில் கைவைக்காமல் இந்தச் சோதனையைச் செய்வது கடினம்.

20 மில்லி மாதிரிக்கு வழக்கமாகச் சேர்ப்பது 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட். அதில் பாதரசம் மட்டும் ஏறக்குறைய 270 மில்லிகிராம். குடிநீரில் பாதரசத்தின் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரே ஒரு சோதனையின் மிச்சம் 2,70,000 லிட்டர் நீரை அந்த வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடும். தண்ணீர் சுத்தமா என்று பார்த்துவிட்டு, பார்த்த மிச்சத்தை சிங்க்கில் கொட்டுவதற்குப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

டைட்ரேஷன் முடிந்தால் டைக்ரோமேட் நஞ்சு குறைந்த குரோமியமாக மாறிவிடுகிறது, அப்புறம் ஊற்றினால் என்ன என்பார்கள். பாதி உண்மை. பாதரசம் எங்கும் போகவில்லை. ரெடிமேட் சோதனைக் குப்பிகளில் கருவி வைத்து அளந்தால் மிஞ்சிய டைக்ரோமேட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொரு ஆபத்து உடனே கொல்லக்கூடியது. முடி நீக்கச் சேர்க்கும் சோடியம் சல்பைடு டேனரி வடிகாலில் கலந்திருக்கும். அதில் ஆசிட் கழிவு விழுந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. சிஓடி மிச்சத்தை ஆறவிட்டு, அதற்கென்றே வைத்த, ஆசிட் தாங்கும் கேனில் சேருங்கள். வேறு எதையும் அதில் கலக்காதீர்கள். உள்ளே என்ன, எந்தத் தேதியிலிருந்து என்று மேலே எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, மாசு கட்டுப்பாட்டு வாரியம் நீட்டித்துத் தராவிட்டால் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பிறகு கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அனுமதி பெற்ற மையத்துக்குப் படிவம் 10உடன் அனுப்ப வேண்டும். பாதரசக் கழிவை ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு கேனுக்காக இவ்வளவு தூரமா என்று முதலாளி அலுத்துக்கொண்டால், 2.5 மில்லி மாதிரி போதும் என்கிற மூடிய குழாய் முறைக்கு மாறச் சொல்லுங்கள். கழிவு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

காலி பாட்டில்களைக் காயலான் கடைக்குப் போடுவதும் வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவி 2010இல் ஏலத்தில் பழைய இரும்பாகப் போய், மாயாபுரி சந்தையில் பிரிக்கப்பட்டது. கதிர்வீச்சில் ஒரு தொழிலாளி இறந்தார், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பொருள் வேறுதான், லேபில் வேண்டாததை யாரோ ஒருவர் தலையில் கட்டிய கதை அதேதான்.

லேபில் வேலை பார்ப்பவர்களில் பலர் இப்போதுதான் பி.எஸ்சி. முடித்து வந்த பிள்ளைகள். கையாளும் ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்பது அவர்கள் உரிமை. கையுறை, கண்ணாடி, புகை உறிஞ்சும் பெட்டி கேட்பதும் அப்படியே. பாதரசம், குரோமியம் இரண்டாலும் வரும் நோய்கள் தொழிலாளர் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. இஎஸ்ஐ மருத்துவரிடம் போகும்போது வேலையில் எதைத் தொடுகிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஊர்க்காரர்களுக்கும் வழி உண்டு. ஒவ்வொரு ஆலையும் அபாயக் கழிவுக் கணக்கைப் படிவம் 4இல் ஜூன் 30க்குள் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும். 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதில் லேப் கழிவு என்று ஒரு வரிகூட இல்லையென்றால், வாரியத்தின் வாணியம்பாடி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப்பு நேர்ந்திருந்தால் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வில் இழப்பீடு கேட்கலாம். அதற்குக் கெடு 5 ஆண்டு.