ஆஸ்கார் பரிந்துரை: ரசனையா, வாக்குக் கணக்கா?

ஒவ்வோர் ஆண்டும் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியல் வெளிவரும் நாளில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். இந்தப் படம் எப்படி விடுபட்டது? அந்தப் படம் எப்படி உள்ளே வந்தது? அகாடமியின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஆண்டின் படங்களை எல்லாம் பார்த்து, எடைபோட்டு, ஆகச் சிறந்தவற்றை ஒருமனதாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்று நம்புவதால்தான் இந்தக் கேள்விகள் வருகின்றன. அந்த நம்பிக்கையோடு கணிக்க உட்கார்ந்தால் கணிப்பு தவறும், பட்டியலைப் பார்த்து மனமும் நோகும். பரிந்துரை என்பது ஒரு தேர்தல். வாக்காளர் யார், வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டவருக்கு, படத்தின் தரத்தை மட்டும் வைத்துக் கணிப்பவரைவிட இந்தப் பட்டியல் நன்றாகவே பிடிபடும் என்பது என் வாதம்.

முதலில் வாக்காளர்கள். இறுதி விருதுக்கு எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கலாம். பரிந்துரைக் கட்டத்தில் அப்படி இல்லை. நடிப்புக்கான பெயர்களை நடிகர்களும், இயக்கத்துக்கானவற்றை இயக்குநர்களும், படத்தொகுப்புக்கானவற்றைப் படத்தொகுப்பாளர்களும் முன்மொழிகிறார்கள். சிறந்த படத்துக்கான பரிந்துரையில் மட்டுமே அத்தனை பேருக்கும் வாக்கு உண்டு. ஆகவே ‘அகாடமி என்ன நினைக்கிறது’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அது தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்து கிடக்கும் ஒரு சபை. நடிகர்கள் கிளையில் சுமார் 1,300 பேர் என்றால், இயக்குநர்கள் கிளை அதைவிட மிகச் சிறியது. ஒரு கிளை கொண்டாடும் படத்தை இன்னொரு கிளை திரும்பிப் பார்க்காமலே போகலாம்.

அடுத்தது எண்ணும் முறை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம், ஓரிடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்களின் ஆதரவு வேண்டும் என்று நாளிதழ்கள் கணக்குப் போடும். 234 உறுப்பினர்கள், ஆறு இடங்கள். 234-ஐ ஏழால் வகுத்து, வரும் முழு எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் 34. ஆஸ்காரின் பெரும்பாலான பரிந்துரைகளுக்கும் இதே வகையான முன்னுரிமை வாக்குதான். சிறந்த நடிகைக்கு ஐந்து இடங்கள் என்பதால் வாக்குகளை ஆறால் வகுக்க வேண்டும். 1,300 நடிகர்களும் வாக்களித்தாலும் தேவைப்படும் எண்ணிக்கை 220-ஐத் தாண்டாது. வாக்காளர் ஐந்து பெயர்களை வரிசையாக எழுதுகிறார். முதலில் எண்ணப்படுவது அவரது முதல் விருப்பம் மட்டுமே. கடைசியில் நிற்கும் பெயர் நீக்கப்பட்டு, அதற்கு விழுந்த சீட்டுகள் அவற்றில் அடுத்து எழுதப்பட்டிருக்கும் பெயருக்குப் போகின்றன. வேண்டியதற்கு மேல் மிக அதிகமாக வாங்கியவரின் உபரியும் இப்படியே பகிரப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆயிரம் பேர் ஒரு நடிகையை மூன்றாவதாக எழுதியிருந்தாலும், ஒருவர்கூட முதலிடத்தில் எழுதவில்லை என்றால் அவர் தொடக்கத்திலேயே வெளியேறிவிடுவார். 200 பேர் ஒருவரை உயிராக நினைத்து முதலிடத்தில் எழுதினால், மீதி 1,100 பேர் அவர் பெயரைக் கேள்விப்படாவிட்டாலும் அவர் ஏறக்குறைய உள்ளே வந்துவிட்டார்.

2023 ஜனவரியில் ஆண்ட்ரியா ரைஸ்பரோவுக்குக் கிடைத்த பரிந்துரையை இதன் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அவர் நடித்த ‘டு லெஸ்லி’ அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 27,000 டாலர் மட்டுமே வசூலித்த சிறு படம். கோல்டன் குளோப், நடிகர் சங்க விருது, பாஃப்டா ஆகிய மூன்று பட்டியல்களிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் வாக்குப்பதிவு நெருங்கிய நாட்களில் சக நடிகர்களே அவருக்காகக் களமிறங்கினார்கள். எட்வர்ட் நார்ட்டன், க்வினெத் பால்ட்ரோ போன்றவர்கள் சமூக வலைத்தளங்களில் எழுதினார்கள். வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே கேட் பிளாஞ்செட் ஒரு விருது மேடையில் அவர் பெயரைச் சொன்னார். பேசியவர்கள் எல்லாம் நட்சத்திரங்கள். கேட்டவர்கள் வாக்குரிமை உள்ள நடிகர்கள். இருநூற்றுச் சொச்சம் முதல் விருப்ப வாக்குகளுக்கு அது போதும். அகாடமி அந்தப் பிரச்சார முறையை ஆராய்ந்தது. பரிந்துரையை ரத்து செய்யவில்லை. நடிகர் சங்கத்தின் பட்டியலிலும் பாஃப்டா பட்டியலிலும் இடம்பிடித்திருந்த வயோலா டேவிஸ், டேனியல் டெட்வைலர் இருவரும் அதே பிரிவில் விடுபட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அதற்காக, வாக்காளர்கள் கூடிப் பேசி அவர்களை ஒதுக்கினார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஐந்து பேரைத்தான் இந்த எண்ணிக்கை முறை உள்ளே விடும். பலரது சீட்டில் இரண்டாம் மூன்றாம் இடத்தில் இருப்பவருக்கு அதில் பாதுகாப்பில்லை.

வாக்காளர் கூட்டத்தின் அளவு மாறினால் முடிவும் மாறும். இதற்கு இயக்குநர் பிரிவைவிடத் தெளிவான சான்று இல்லை. அமெரிக்க இயக்குநர் சங்கத்தில் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். தொலைக்காட்சி இயக்குநர்களும் உதவி இயக்குநர்களும் அதில் அடக்கம். அகாடமியின் இயக்குநர் கிளையோ சில நூறு பேர் கொண்டது. அதில் ஐரோப்பிய, ஆசிய இயக்குநர்களும் உண்டு. சங்கம் பெரும்பாலும் வெற்றிபெற்ற ஹாலிவுட் படங்களின் பக்கம் சாய்கிறது. கிளை ஓரிரு இடங்களைத் தனித்த நடை கொண்ட இயக்குநர்களுக்கு ஒதுக்குகிறது. 2013-ல் சங்கம் பென் அஃப்லெக், கேத்ரின் பிகலோ, டாம் ஹூப்பர் ஆகியோரைப் பட்டியலிட்டது. கிளை மூவரையும் விட்டுவிட்டு மிஷேல் ஹானெகே, பென் ஸைட்லின், டேவிட் ஓ. ரஸல் ஆகியோரை எடுத்தது. இயக்குநர் அஃப்லெக்குக்குப் பரிந்துரையே கிடைக்காத ‘ஆர்கோ’ அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வானது, ஏனென்றால் அதை முடிவு செய்தவர்கள் எல்லாக் கிளையினரும். 2024-ல் ‘பார்பி’யின் கிரெட்டா கெர்விக் விடுபட்டபோது உலகமே அதிர்ச்சி அடைந்தது. அந்த ஆண்டும் சங்கத்தின் பட்டியலில் அவர் இருந்தார். கிளையில் அவரும் அலெக்ஸாண்டர் பெய்னும் இருந்திருக்க வேண்டிய இடங்களில் ஜோனதன் கிளேஸரும் ஜஸ்டின் த்ரியேவும் வந்தார்கள். கிளேஸரின் ‘த ஸோன் ஆஃப் இன்டரஸ்ட்’ ஜெர்மன் மொழியில் எடுக்கப்பட்டது; த்ரியேவின் ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’ பிரான்ஸிலிருந்து வந்தது. பதினொரு ஆண்டு இடைவெளியில் ஒரே பாங்கு திரும்ப நிகழ்ந்திருக்கிறது. முந்தையதை நினைவில் வைத்திருந்தவருக்குப் பிந்தையது அவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது.

சிறந்த படப் பிரிவில் கணிப்பு ஏறக்குறைய நிச்சயத்தை நெருங்குகிறது. 2009 ஜனவரியில் ‘த டார்க் நைட்’ விடுபட்ட சர்ச்சைக்குப் பிறகு, ஐந்தாக இருந்த இடங்களை அகாடமி பத்தாக்கியது. பின்னர் சில ஆண்டுகள் ஐந்துக்கும் பத்துக்கும் இடையே மாறி, 2022 விழாவிலிருந்து பத்து என்று நிலைத்தது. பத்து இடம் என்றால் பதினொன்றில் ஒரு பங்கு வாக்கு போதும். பத்தாயிரம் பேர் வாக்களித்தால் சுமார் 900. அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கமும் பத்துப் படங்களைத்தான் பட்டியலிடுகிறது. 2024-ல் இரண்டு பட்டியல்களும் பத்துக்குப் பத்து ஒத்துப்போயின. 2025-ல் எட்டு ஒத்துப்போயின. மாறிய அந்த இரண்டு இடங்களைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். தயாரிப்பாளர் சங்கம் ‘எ ரியல் பெய்ன்’, ‘செப்டம்பர் 5’ படங்களைச் சேர்த்திருந்தது. அகாடமி அவற்றை எடுத்துவிட்டு ‘நிக்கல் பாய்ஸ்’, பிரேசிலின் ‘ஐ’ம் ஸ்டில் ஹியர்’ இரண்டையும் வைத்தது. விலகிய இரண்டும் பலருக்குப் பிடித்த, அளவான, கச்சிதமான படங்கள். திரைக்கதைக்கான பரிந்துரை இரண்டுக்குமே கிடைத்தது. வந்தவற்றில் ஒன்றான ‘நிக்கல் பாய்ஸ்’, கதாபாத்திரங்களின் கண்களாகவே கேமராவை வைத்துப் படம் நெடுக நகர்வது. பிடிக்காதவருக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. பிடித்தவர் அதை முதலிடத்தில்தான் எழுதுவார். மற்றொன்றின் பின்னால் ஒரு புதிய வாக்காளர் கூட்டமே நிற்கிறது. 2015-லும் 2016-லும் நடிப்புப் பரிந்துரைகள் இருபதும் வெள்ளையருக்கே போனதால் எழுந்த கண்டனத்துக்குப் பின், அகாடமி உலகெங்கிலும் இருந்து உறுப்பினர்களைச் சேர்த்தது. இன்று ஐந்தில் ஒருவருக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே வாழ்பவர்கள். தயாரிப்பாளர் சங்கத்தில் அந்தக் கூட்டம் இல்லை. ஆகவே சங்கப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு, அதில் மிதமான விருப்பத்தைப் பெற்ற ஒன்றிரண்டை நீக்கி, பிற நாடுகளில் கொண்டாடப்பட்ட ஒன்றைச் சேர்ப்பவர் உண்மைக்கு மிக அருகில் வருவார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது, எல்லாம் பணம்தான் என்பது. ஸ்டுடியோக்கள் விருதுப் பிரச்சாரத்தில் கோடிக்கணக்கில் கொட்டுவது உண்மை. திரையிடலும் விளம்பரமும் இல்லாத படம் வாக்காளர் கண்ணிலேயே படாது. ஆனால் பணத்தால் படத்தைப் பார்க்க வைக்க முடியும், முதலிடத்தில் எழுத வைக்க முடியாது. பெரும் பிரச்சாரம் பெற்ற படங்கள் விடுபடுவதும் ‘டு லெஸ்லி’ உள்ளே வருவதும் அதனால்தான். ஸ்டுடியோ சொன்னபடி வாக்காளர் ஆடுவதும் இல்லை. 2021-ல் ‘ஜூடாஸ் அண்ட் த பிளாக் மெசையா’வுக்காக லக்கீத் ஸ்டான்ஃபீல்டை முதன்மை நடிகர் என்று முன்னிறுத்தினார்கள். நடிகர்கள் கிளை அவரைத் துணை நடிகர் பிரிவில் கொண்டுபோய் வைத்தது, அதே படத்தில் நடித்த டேனியல் கலூயாவுக்கு அருகிலேயே. எந்தப் பிரிவில் எழுதுவது என்பது வாக்காளரின் உரிமை. இந்த இடமாற்றத்தைக் கணித்தவர்கள் மிகச் சிலர்.

ஆண்டுதோறும் அதிர்ச்சிகள் நிகழ்கின்றனவே, பிறகு என்ன கணிப்பு என்று கேட்பவர்களும் உண்டு. அதிர்ச்சிகள் எங்கே நிகழ்கின்றன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவை ஒரு பிரிவின் கடைசி ஓரிரு இடங்களிலும் சிறிய கிளைகளிலும்தான். மக்கள் கொண்டாடிய ஆவணப்படங்களை ஆவணப்படக் கிளை கைவிடுவது அடிக்கடி நடக்கிறது. 2019-ல் ‘வோன்ட் யூ பி மை நெய்பர்?’ அப்படித்தான் விடுபட்டது. வாக்கு எண்ணிக்கையை அகாடமி ஒருபோதும் வெளியிடுவதில்லை என்பதால், யார் எத்தனை வாக்கில் தோற்றார் என்பது நமக்குத் தெரியவராது. ஆனால் எந்த நாற்காலிகள் ஆடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியும். கலையைத் தேர்தல் கணக்காகச் சுருக்குவது அவமதிப்பு என்ற ஆதங்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சுருக்கியது கணிப்பவர் இல்லை. 1,300 பேரின் சீட்டுகளை ஆறால் வகுக்கும் விதி. அதைத் தெரிந்துகொண்ட ரசிகர், விடுபட்ட படத்தைக் குறைவாக மதிக்க மாட்டார்.

இந்தியர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 1969-ன் ‘தெய்வமகன்’ தொடங்கி ‘நாயகன்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ வரை எத்தனையோ தமிழ்ப் படங்களைப் பிறநாட்டுப் படங்களுக்கான ஆஸ்கார் பிரிவுக்கு இந்தியா அனுப்பியது. ஒன்றும் பரிந்துரை பெறவில்லை. நாடு ஒன்றுக்கு ஒரு படம்தான் என்பதால், நம் முதல் வாக்குச்சாவடி நம் தேர்வுக்குழுதான். 2022-ல் குழு ‘செல்லோ ஷோ’வை அனுப்பியது. அனுப்பப்படாத ‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ பாடல், இசைக் கிளையின் வாக்கால் பரிந்துரை பெற்று விருதையும் வென்றது. 2024-ல் கான் விழாவில் கிராண்ட் பிரீ பெற்று, அமெரிக்க விமர்சகர்களின் பாராட்டுகளோடு வந்த பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமாஜின் அஸ் லைட்’ படத்தை விட்டுவிட்டு ‘லாபதா லேடீஸ்’ அனுப்பப்பட்டது. அது 15 படங்களின் முதல்கட்டப் பட்டியலைக்கூட எட்டவில்லை. ‘லாபதா லேடீஸ்’ நல்ல படம். இந்தியாவை எது சரியாகக் காட்டும் என்று நம் குழுக்கள் யோசிப்பதிலும் தவறில்லை. ஆனால் அந்தப் பதினைந்துக்குள் ஒரு படத்தைக் கொண்டுபோவது பாரிஸிலும் சாவ் பாவ்லோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருக்கும் உறுப்பினர்கள். அவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், எத்தனை பேர் அதை மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பதையும் தேர்வுக்குழு தன் மேசையில் வைத்துப் பேச வேண்டும்.