காலைக் காக்கும் குழாய்த் தையல்

தொடையிலோ முழங்காலிலோ புற்றுநோய் தோன்றிவிட்டால் காலையே துண்டித்துவிடுவார்கள் என்ற அச்சம் நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இவ்வச்சத்தினாலேயே பலர் மருத்துவமனையை நாடாமல் நாள்களைக் கடத்துகின்றனர். முற்காலத்தில் இதற்கு ஆதாரம் இருந்தது. இன்றோ பெரும்பாலான நோயாளிகளில் கட்டியை மட்டும் அகற்றிக் காலைக் காப்பாற்ற இயலுகிறது. காலுக்கு உயிரூட்டும் பெரிய இரத்தக் குழாயையே நோய் பற்றியிருக்கும் போதுங்கூட, அப்பகுதியை நீக்கி வேறு குழாயைப் பொருத்தும் முறை கைகூடியுள்ளது. அம்முறையைப் பற்றியும், அதில் கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உள்ள பங்கைப் பற்றியும் இங்கு ஆராய்வோம்.

குழாய் செல்லும் வழி

தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பின் நடுவில் விரலை வைத்து அழுத்தினால் தொடைத் தமனியின் துடிப்பை உணரலாம். இத்தமனி தொடையின் உட்புறமாக இறங்கி, முழங்காலின் பின்புறக் குழியை அடைந்து, பின்னர் கிளைகளாகப் பிரிந்து பாதம் வரை செல்கிறது. அசுத்த இரத்தத்தைத் திருப்பிக் கொணரும் சிரையும் இதை ஒட்டியே அமைந்துள்ளது. வளரும் பருவத்தினரைத் தாக்கும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் முழங்காலை அடுத்தே தோன்றுகிறது. தசை, கொழுப்பு முதலியவற்றில் எழும் கட்டிகளுக்குத் தொடை முக்கியமான இருப்பிடமாகும்.

புற்றுக்கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவையும் ஒரு படலமாகச் சேர்த்து எடுப்பதே அறுவைச் சிகிச்சையின் அடிப்படை விதி. தமனியைக் கட்டி சூழ்ந்திருந்தால், அதைத் தமனியினின்று உரித்தெடுப்பது நோயணுக்களை உள்ளே விட்டுவைப்பதாகும். எனவே தமனியையும் சேர்த்து வெட்ட வேண்டும். வெட்டியபின் பாதத்திற்கு இரத்தம் செல்வது எவ்வாறு? பல்லாண்டுகளாகக் காலைத் துண்டிப்பதே இவ்வினாவிற்கு விடையாக இருந்து வந்தது.

முக்கோண உபாயம்

பிரெஞ்சு நாட்டு அறிஞர் அலெக்சிஸ் காரெல் 1902இல் இரத்தக் குழாய்களைத் தைக்கும் முறையொன்றை வெளியிட்டார். லியோன் நகரில் பூவேலை செய்யும் பெண்ணொருவரிடம் அவர் நுண்ணிய தையலைப் பயின்றார் என்பர். வட்டமான குழாயின் விளிம்பில் சம இடைவெளியில் மூன்று தையல்களை இட்டு இழுத்தால், வட்டம் முக்கோணமாகிறது. அப்போது நேரான ஒவ்வொரு பக்கத்தையும், எதிர்ச்சுவர் ஊசியில் சிக்காமல், எளிதில் தைத்துவிடலாம். இரண்டு மென்மையான ரப்பர்க் குழாய்களைக் கொண்டு ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்டலாம். இப்பணிகளுக்காகக் காரெல் 1912இல் நோபல் பரிசு பெற்றார். 1948இல் பாரிசில் ழான் குன்லின், நோயாளியின் சொந்தச் சிரையைக் கொண்டே அடைபட்ட தொடைத் தமனிக்கு மாற்று வழி அமைத்தார். இவ்வித்தையைக் கால் புற்றுநோய்க்குப் பயன்படுத்திய அனுபவத்தை நியூயார்க்கைச் சேர்ந்த ஃபோர்ட்னர் குழுவினர் 1977இல் வெளியிட்டனர்.

செய்யும் முறை

பெரும்பாலும் நோயற்ற மறுகாலின் தோலடிச் சிரையே எடுக்கப்படுகிறது. நோயுற்ற காலில் ஆழ்சிரை அகற்றப்பட்டால், இரத்தம் திரும்பும் வழியாகத் தோலடிச் சிரையே எஞ்சும். அதை எடுத்தால் கால் வீங்கிவிடும். சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் போன்ற தடுக்கிதழ்கள் உள்ளன. அவை இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடும். ஆகவே சிரையைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துகின்றனர். தக்க சிரை கிடைக்காவிடில் செயற்கைக் குழாய் உதவுகிறது. இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் என்னும் மருந்து அளிக்கப்படுகிறது. கால் தசைகள் இரத்தமின்றி ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு மேல் தாங்கமாட்டா; ஆதலால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கிடப்படுகிறது. இறுதியில் புதிய குழாயின்மீது உயிருள்ள தசையைப் போர்த்தி மூடுகின்றனர்.

இடர்கள் இல்லாமலில்லை. புண்ணில் சீழ் பிடித்தல், புதிய குழாய் அடைபடுதல், நாட்பட்ட வீக்கம் ஆகியன நேரக்கூடும். சிலருக்குக் காலை அகற்றுவதே உயிரைக் காக்கும் வழியாக இன்றும் உள்ளது. ஆயினும் காலைக் காப்பதால் உயிருக்குக் கேடு விளைகிறதா என்ற ஐயத்தை அமெரிக்காவில் நடந்து 1982இல் வெளியான ஆய்வொன்று பெரிதும் நீக்கியது. மென்திசுப் புற்றுநோயுற்ற 43 பேரில் 27 பேருக்குக் கட்டி மட்டும் அகற்றப்பட்டுக் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. 16 பேருக்கு உறுப்பு துண்டிக்கப்பட்டது. முதற்பிரிவில் நால்வருக்கு அதே இடத்தில் நோய் மீண்டபோதிலும், உயிர் பிழைத்திருத்தலில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நமது கடமை

பெங்களூரில் 1973இல் நிறுவப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்திற்குக் கர்நாடகத்திலிருந்து மட்டுமின்றி அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். இரத்தக் குழாய் அறுவையில் தேர்ந்த நிபுணர்களும் இந்நகரில் உள்ளனர். ஆனால் இருதுறையினரின் திறமையும் பயன்படுவது, நோயாளி உரிய காலத்தில் வந்து சேர்வதைப் பொறுத்தது. அதற்கு ஊரில் இருப்பவரே உதவ முடியும்.

விளையாட்டில் அடிபட்டதாகச் சொல்லப்படும் முழங்கால் வலி வாரக்கணக்கில் நீடித்தாலும், இரவில் மிகுந்தாலும், வீக்கம் வளர்ந்து வந்தாலும் ஊடுகதிர்ப் படம் எடுக்கச் செய்தல் வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்டதோ, ஆழத்தில் உள்ளதோ, வளர்ந்து வருவதோ ஆன கட்டி வலிக்காவிட்டாலும் ஐயத்திற்குரியது. அதை எண்ணெயிட்டு உருவுதல், சூடு போடுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை கூடா. சிறு கட்டிதானே என்று உள்ளூரில் கீறி எடுப்பதும் தீங்கு பயக்கும். பரிசோதனைக்காகத் திசு எடுப்பதுங்கூட, முழுச் சிகிச்சை நடைபெறவுள்ள நிலையத்திலேயே செய்யப்படுவது நன்று. தவறான இடத்தில் இட்ட ஒரு கீறல், காக்கப்பட்டிருக்கக்கூடிய காலை இழக்கச் செய்யலாம்.

நொண்டும் மாணவனை முதலில் காண்பவர் ஆசிரியர். வீட்டுக்கு வீடு செல்பவர் கள ஊழியர். “காலை எடுத்துவிடுவார்கள்” என்று தயங்கும் பெற்றோரிடம், விரைந்து சென்றால் காலும் தப்பக்கூடும், தாமதித்தால் இரண்டுமே போகக்கூடும் என்பதை எடுத்துரைப்பது இவ்விருவரின் நீங்காக் கடமையாகும்.