கொரிய மேடையும் வினைமுற்றின் மரியாதையும்

கொரிய மொழியைச் சரளமாகப் பேசத் தேர்ந்த அயலவர்கள்கூட, கருத்தரங்கிலோ அலுவலகக் கூட்டத்திலோ எழுந்து நின்று உரையாற்ற நேரும்போது தடுமாறுவது உண்டு. அதற்குச் சொற்பஞ்சத்தைக் காட்டிலும், வாக்கியத்தை எந்த விகுதியில் முடிப்பது, யாரை உயர்த்துவது, யாரைத் தாழ்த்துவது என்னும் கணக்கே பெரிதும் காரணமாகிறது. தமிழைப் போலவே கொரிய மொழியிலும் வினைமுற்று இறுதியில் வருகிறது. ஆனால் கேட்பவருக்குக் காட்டும் மரியாதையும் அம்முற்றிலேயே அமைந்துவிடுவதால், பேச்சாளர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தமக்கும் அவைக்கும் உள்ள உறவை அறிவித்தே தீர வேண்டியிருக்கிறது.

இலக்கண நூல்கள் இவ்விகுதிகளைப் பொதுவாக ஆறு படிநிலைகளாகப் பகுத்தாலும், மேடைக்கு முதன்மையாக வேண்டியவை இரண்டே. செய்தி வாசிப்பிலும் பதவியேற்பு உரையிலும் கேட்கும் 'சும்னிதா', 'ம்னிதா' என்னும் முடிவுகள் முறைசார் நடைக்கு உரியவை. 'யோ' என முடியும் நடை, மரியாதை குன்றாததாயினும், அன்றாடப் பழக்கத்தின் நெருக்கம் கொண்டது. தொலைக்காட்சித் தொடர்களின் வழியே மொழியைப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டாவதிலேயே ஊறிவிடுவதால், அவர்களது மேடைப் பேச்சு அரட்டையின் சாயலைப் பெற்றுவிடுகிறது. எழுத்தில் 'சுப்னிதா' என்றிருப்பது பேச்சில் 'சும்னிதா' ஆவது, வல்லினம் மெல்லினமாகத் திரியும் புணர்ச்சியை அறிந்த தமிழர்க்குப் புதிதன்று.

எனினும் முறைசார் விகுதியையே இடைவிடாமல் அடுக்கும் உரை அறிக்கை வாசிப்பதுபோல் விறைத்துப்போகும் என்பதால், தேர்ந்த விரிவுரையாளர்கள் கருத்தை நிறுவும் வாக்கியங்களை 'ம்னிதா' என முடித்து, அவையோரை நோக்கிய இடைக்குறிப்புகளில் 'யோ'வுக்கு இறங்கி வருகிறார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை அளவறிந்து கையாள்வதே உயர்நிலை மாணவருக்குரிய உண்மையான சோதனை.

பணிவிலும் எல்லை உண்டு. மேடையில் 'நான்' என்பதற்கு 'நா' என்னாமல் பணிவுச் சொல்லாகிய 'ஜொ' என்பதையும், 'எங்கள்' என்பதற்கு 'உரி' என்னாமல் 'ஜொஹி' என்பதையும் ஆள்வது வழக்கம். ஆயினும், கொரியர் தம் நாட்டைக் குறிக்கும்போது 'ஜொஹி நாரா' என்பது பிழையாகக் கருதப்படுகிறது. நாட்டைத் தாழ்த்திச் சொல்ல வேண்டுவதில்லை என்பதால் 'உரி நாரா' என்பதே தகும். 'ஷி' என்னும் உயர்வு இடைநிலையைப் பொருள்களுக்கும் சேர்த்து, காப்பியே எழுந்தருளியதுபோல் பேசும் கடைப் பணியாளர் வழக்கும் இவ்வாறே கண்டிக்கப்படுகிறது. மிகைப் பணிவு அவையில் பிழையாகவே ஒலிக்கும்.

எல்லா மரியாதை விகுதிகளும் வேண்டுமென்றே களையப்படும் இடமும் ஒன்று உண்டு. 2017 மார்ச் 10 அன்று அதிபர் பக் குன்ஹேயைப் பதவி நீக்கிய தென்கொரிய அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பில், காரணங்கள் 'ம்னிதா' நடையில் வாசிக்கப்பட்டன. நீக்க ஆணை மட்டும் யாரையும் விளித்துப் பேசாத எழுத்து நடைக்குரிய வெறும் 'ந்தா' முடிவில் அமைந்தது. நேயர்களை நோக்கிய பேச்சு முடிந்து சட்டத்தின் சொல் தொடங்கிவிட்டதை அந்த ஒற்றை விகுதியே உணர்த்தியது.

ஆகவே மேடைக்குத் தயாராகும் மாணவர்கள் தொடர்களைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்து, பதவியேற்பு உரைகளையும் செய்தி அறிக்கைகளையும் உரக்கத் திருப்பிச் சொல்லிப் பழகுவதும், தாம் எழுதிய உரையின் வாக்கிய முடிவுகளை மட்டும் தனியே ஒருமுறை படித்துச் சரிபார்ப்பதும் நல்லது.