பிளாஸ்டிக் தாளின் மேற்பரப்பும் நீட்சியும்

திருவொற்றியூரை அடுத்த மணலியில், 1971-ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலையின் 45 கிலோ யூரியா மூட்டையை அங்கத்தினர்கள் அறிவர். அச்சாக்கும் ஒரு நெசவே. பிளாஸ்டிக்கை மெல்லிய தாளாக்கி, நாடாக்களாகக் கீறி, சூட்டில் பன்மடங்கு இழுத்து நீட்டிய பின்னரே தறியேற்றுகின்றனர். அவ்வாறு இழுக்கையில் உள்ளிருக்கும் நீண்ட மூலக்கூறுகள் இழுத்த திசையில் ஒழுங்குபடுகின்றன, நாடா வலுப்பெறுகிறது. ஆனால் மேற்பரப்பில் ஒரு சிறு கீறல் இருப்பினும் விசை அவ்விடத்தே திரண்டுவிடும். ஏனைய பகுதி நீளுமுன் நாடா அறுந்துபோகும்.

மேடுபள்ளம் எல்லாமே கேடு என்பதில்லை. சீரான புடைப்புக் கோலமிட்ட தாளை இழுத்தால், முதலில் புடைப்புகள் தட்டையாகி இடங்கொடுக்கும். பிறகே பொருள் நீளத் தொடங்கும். பாவும் ஊடையும் ஒன்றையொன்று தாண்டும் நெளிவு நிமிர்ந்த பின்னரே துணியில் நூல் நீளும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை!

பாத்தியில் மூடாக்குத் தாள் விரிக்கும் விவசாயிகளுக்கும் இது பொருந்தும். சரளையும் பழைய தட்டைக் கட்டைகளும் தாளைக் கீறாதவாறு முன்னதாக நீக்குக. நாற்று நடுவதற்குப் பிளேடால் குறுக்கே கீறாமல் வட்டமாகத் துளையிடுக. கீறலின் கூர்முனையிலிருந்தே கிழிசல் ஓடும்.