அச்சும் பித்தளையும் ஈரமும்

துப்பாக்கித் தோட்டா நான்கு பொருள்களின் சேர்க்கை. பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிக்கப்படும் பிரைமர் எனும் சிறு தீமூட்டிக் கிண்ணம், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகப்படும் குண்டு ஆகியவையே அவை. சுட்டவுடன் மருந்து எரிந்து குண்டு பறந்துவிட, பிரைமரும் பயனற்றுப் போகிறது; ஆனால் நால்வகைப் பொருள்களில் விலை கூடியதான பித்தளைக் கூடு பெரும்பாலும் உருக்குலையாமல் மிஞ்சிவிடுகிறது. வெடிப்பின் அழுத்தத்தில் அது துப்பாக்கி அறையின் சுவர்வரை விரிந்திருக்கும் என்பதால், மறுபடி பயன்படுத்துவதற்கு முன் அதைப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது, உட்புறம் மிகத் துல்லியமாகக் கடையப்பட்ட ஓர் எஃகு உருளை. பட்டறைகளில் ‘டை’ என்று வழங்கும் இந்த அச்சைக் கைப்பிடியுள்ள பிரஸ்ஸின் தலையில் மரையிட்டுப் பொருத்தி, கீழிருந்து கூட்டை அதற்குள் அழுத்துவார்கள்.

இந்தியாவில் தோட்டாவின் வரலாற்றை எழுதுவோர் கொல்கத்தாவின் வடபுறத்திலுள்ள டம்டமைக் கடந்து போக முடியாது. இன்று விமான நிலையத்தால் அறியப்படும் அவ்வூர், 1783 முதல் 1853 வரை வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. 1857 ஜனவரியில், புதிய என்ஃபீல்டு துப்பாக்கிக்கான காகிதத் தோட்டாக்களில் பசு, பன்றிக் கொழுப்பு தடவப்பட்டிருப்பதாக எழுந்த பேச்சு சிப்பாய்களிடையே முதலில் பரவியதும் அங்கேதான். அரசு பதறிப்போய், மசகு தடவாத தோட்டாக்களைத் தருவதாகவும், சிப்பாய்கள் தங்களுக்கு உகந்த மசகைத் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தது. ஆனால் அவ்வாண்டு மூண்ட கிளர்ச்சியைத் தடுக்க அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே டம்டமின் ஆயுதச்சாலையில், நெவில் பெர்ட்டி-கிளே என்ற அதிகாரி, .303 தோட்டாவின் குண்டு நுனியில் உலோக உறையைத் திறந்து ஈயத்தை வெளித்தெரிய விட்டார். உடலில் பாய்ந்ததும் விரிந்து கொடுங்காயம் உண்டாக்கிய அக்குண்டுக்கு ஊரின் பெயரே நிலைத்தது. இவ்வகைக் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதற்கு எதிராக 1899இல் ஹேக் மாநாட்டில் உடன்பாடும் ஏற்பட்டது. கொழுப்பையும் குண்டின் நுனியையும் பற்றி இவ்வளவு எழுதிய வரலாறு, நடுவே நிற்கும் பித்தளையையும் அதை வடிக்கும் அச்சையும் பற்றி அதிகம் பேசுவதில்லை. தோட்டாவின் நம்பகத்தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பவை அவை இரண்டும்தான்.

கூட்டுக்கான பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் இருக்கும். வட்டத் தகடாக வெட்டப்படும் அது முதலில் கிண்ணமாக அழுத்தப்பட்டு, பின்னர் ஒன்றைவிட ஒன்று சிறிய அச்சுகள் வழியே படிப்படியாக இழுக்கப்பட்டு நீண்ட குழலாகிறது. குளிர்ந்த நிலையில் இவ்வாறு இழுக்கப்படும் பித்தளை ஒவ்வொரு முறையும் கடினப்பட்டு, தன்னுள் ஓர் இறுக்கத்தைச் சேமித்துக்கொள்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் கிடங்குகளில், யாரும் தொடாமல் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களை ஒட்டியிருந்த கிடங்குகளில் இந்தக் கேடு மிகுந்திருந்தது. மழைக்காலத்தோடு வந்து போனதால் ‘பருவ விரிசல்’ என்று அழைக்கப்பட்ட இதற்கான காரணத்தை, மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து, உள்ளிறுக்கம் கொண்ட பித்தளையை அதன் படிக எல்லைகளின் வழியே அரித்துப் பிளக்கிறது. கூடு வடித்து முடிந்தபின் மிதமான சூட்டில் வைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் விரிசல் வருவதில்லை என்பதும் அறியப்பட்டது.

சுட்ட கூட்டை இறுக்கும் அச்சில் அழுக்கு சேர்வதால் அதை அவ்வப்போது துடைக்க வேண்டும். அந்த வேலைக்கும் இந்தப் பழைய கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சுட்ட கூட்டை அச்சில் இறுக்கும்போது பித்தளை மீண்டும் குளிர்நிலையில் நெருக்கப்பட்டு, அதே உள்ளிறுக்கத்தைப் பெறுகிறது. அந்நிலையில் அம்மோனியா கலந்த வீட்டுத் துப்புரவு திரவங்களாலும் சிலவகைப் பித்தளைப் பாலிஷ்களாலும் அச்சைக் கழுவி, எச்சத்தை உள்ளே விட்டுவிட்டால், அடுத்து நுழையும் கூடுகளில் அது ஒட்டிக்கொள்ளும். துப்புரவுப் பொருளைத் தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது அதில் அம்மோனியா இல்லை என்பதைத்தான். அழுக்கு எவ்வளவு விரைவாக நீங்குகிறது என்பது அதற்கு அடுத்தது.

சட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1914 ஆகஸ்ட் 26 அன்று கொல்கத்தாவின் ரோடா நிறுவனத்துக்கு வந்திறங்கிய சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் ஏறத்தாழ 46,000 தோட்டாக்களையும் புரட்சியாளர்கள் கைப்பற்றிச் சென்றார்கள். ஆட்சியாளர் துப்பாக்கிக்கு நிகராகத் தோட்டாவையும் எண்ணிக் கணக்குப் பார்ப்பதன் காரணம் அந்த எண்களிலேயே தெரிகிறது. இன்றைய இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். கீழே வரும் குறிப்புகள் உரிமம் பெற்றவர்களுக்கும், செய்தியை அறிய விரும்பும் வாசகருக்கும் உரியவை. துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபடுவோர் பலருக்கு இந்த அச்சே தேவைப்படுவதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற கொல்கத்தா வீரர் ஜாய்தீப் கர்மாகர் போட்டியிட்ட 50 மீட்டர் பிரிவில் பயன்படும் .22 தோட்டாவில், தீமூட்டும் பொருள் கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை நசுங்கிய அவ்விளிம்பை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவது நடைமுறையில் இல்லை.

அச்சுக்குள் சேரும் அழுக்கு மூவகைப்படும். முதலாவது மசகு. புட்டிபோல் தோளும் கழுத்தும் கொண்ட துப்பாக்கிக் கூட்டை மசகு தடவாமல் எஃகு அச்சில் அழுத்தினால் அது இறுகச் சிக்கிக்கொள்ளும். வலிந்து இழுத்தால் விளிம்பு பிய்ந்து, கூடு உள்ளேயே தங்கிவிடும். அதற்கு அஞ்சி அதிகமாகத் தடவினால் வேறொரு கேடு நேர்கிறது. எண்ணெய் அமுங்காத பொருள் என்பதால், வெளியேற வழியின்றித் தோள்பகுதியில் தேங்கி, அங்குள்ள மெல்லிய பித்தளையை உள்நோக்கிக் குழித்துவிடும். காற்றும் மிகுமசகும் வெளியேறுவதற்காக அச்சின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இடப்பட்டிருக்கும். அது அடைபட்டுப் போவதே பல நேரங்களில் இக்குழிகளுக்குக் காரணம். நேராக இறங்கும் கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கான அச்சின் வாயில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் பொருத்தப்பட்டிருந்தால் மசகு தேவையில்லை. ஆனால் அவ்வளையம் கடினமானது என்பதாலேயே நொறுங்கக்கூடியது. அச்சைத் தரையில் தவறவிட்டால் பிளந்துவிடலாம்.

இரண்டாவது அழுக்கு, பிரைமரைத் தட்டி வெளியேற்றும்போது உதிரும் கரி. இதில் ஈயம் இருப்பதால் வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடக்கூடாது. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் எஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். எண்ணெயிலோ மண்ணெண்ணெயிலோ அது கரையாது. அத்தகைய கூடுகளைக் கையாண்ட அச்சை முதலில் வெந்நீரில் அலசி, முற்றிலும் உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் காட்ட வேண்டும். எண்ணெய் பூசினால் போதும் என்று நம்புவோரின் எஃகில், சராசரி ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டும் கொல்கத்தாவின் ஆடி, ஆவணி மாதங்களில், பூச்சுக்கு அடியிலேயே துரு புள்ளி வைத்துவிடும்.

மூன்றாவதுதான் கண்ணுக்கு எளிதில் படாதது: பித்தளையே அச்சின் சுவரில் அப்பிக்கொள்வது. மணல் துகள் ஒட்டிய கூடு ஒன்று நுழைந்தால், துகள் சுவரைக் கீற, அக்கீறலில் பித்தளைப் பொடி படிந்து மேடாகி, பின்வரும் ஒவ்வொரு கூட்டின் மேலும் நீளவாக்கில் ஒரு கோட்டை இழுக்கும். கோடு அச்சினால் வந்ததா, கூட்டில் ஒட்டிய மணலால் வந்ததா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. சில கூடுகளைத் துடைத்து, அழுத்துவதற்கு முன் பார்ப்பவரை நோக்கியுள்ள பக்கத்தில் மைப்புள்ளி இட்டு, ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். புள்ளியிலிருந்து ஒரே திசையில் எல்லாக் கூடுகளிலும் கோடு விழுந்தால் குற்றம் அச்சினுடையது. திசை மாறி மாறி விழுந்தால் கூடுகள் சரியாகக் கழுவப்படவில்லை. அச்சின் குற்றமானால், மென்மையான பாலிஷ் பசை தடவிய துணியைக் குச்சியில் சுற்றி, அச்சைச் சுழலவிட்டுச் சிறிது நேரம் தேய்த்தால் அப்பிய பித்தளை போய்விடும். உப்புத்தாளைக் கொண்டு உராய்வது தவறு. பித்தளையோடு எஃகும் தேய்ந்து, அச்சின் அளவே மாறிவிடும்.

முழுமையாகக் கழுவ அச்சைக் கழற்றும்போது, அதைப் பிரஸ்ஸில் நிலைநிறுத்தும் பூட்டு வளையத்தின் நிலையைக் குறித்துக்கொள்வது பின்னர் அளவை மீட்டெடுக்க உதவும். பிரைமர் தட்டும் தண்டைத் தனியே எடுத்து அதன் நுனி ஊசி நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டின் அடியில் நடுத்துளைக்குப் பதிலாக இரு ஓரத்துளைகள் கொண்ட பெர்டான் வகைக் கூடு தவறி நுழைந்திருந்தால் அந்த ஊசி வளைந்தோ முறிந்தோ போயிருக்கும். பாகங்களை மண்ணெண்ணெயிலோ பெயின்ட் கடை டர்பன்டைனிலோ ஊறவைத்து நைலான் தூரிகையால் தேய்த்துத் துடைப்பது வழக்கம். வெடிமருந்தும் பிரைமர்களும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். உலர்ந்தபின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சிட்டு, சிலிக்கா ஜெல் பையுடன் இறுக மூடும் பெட்டியில் வைக்கலாம். துணி உள்ளுறை கொண்ட பெட்டிகள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கொல்கத்தாவுக்கு ஏற்றவை அல்ல. மீண்டும் பயன்படுத்தும் முன் பூச்சை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும், ஏனெனில் எண்ணெய் பட்ட பிரைமர் வெடிக்காமல் போகலாம்.

குண்டைச் செருகும் அச்சு தனிக் கவனம் கோருகிறது. குண்டின் மேலுள்ள மெழுகும் ஈயச் சீவலும் அதன் உள்தண்டின் நுனியில் அடையாகப் படியும்போது, அந்த அடையின் கனத்துக்கு ஏற்பக் குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்குகிறது. உள்ளே இடம் குறையக் குறைய வெடிப்பின் அழுத்தம் ஏறுகிறது. சிறிய கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இந்த ஏற்றம் ஆபத்தான அளவுக்குப் போகும். அடையைக் கழுவி நீக்கிய உடனேயே நிலைமை தலைகீழாகி, அதே அமைப்பில் குண்டு முன்னைவிட வெளியே நிற்கும் என்பதால், துப்புரவு முடிந்ததும் மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு மாதிரித் தோட்டாவைச் செய்து, வெர்னியர் காலிப்பரால் அதன் முழு நீளத்தை அளந்து அச்சைத் திருத்திய பிறகே வேலையைத் தொடங்குகிறார்கள்.